மருத்துவரிடம் மறைக்கக் கூடாத இரண்டு விஷயங்கள்

கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பையன் ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். தெருவில் நாலு பேர் நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். காதில் யாரோ அதட்டுவதாகச் சொல்கிறான். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் இப்படி நடந்தால் பல குடும்பங்கள் முதலில் தேடிப்போவது கோடாங்கியை. பிறகு கோயில், தர்கா. மதுரை பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மருத்துவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு அப்போதும் உண்மையான பதில் வருவது அரிது. ‘குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?’ என்று கேட்டால், தங்கச்சி கல்யாணம் தட்டிப்போகுமே என்று மறைக்கிறார்கள். ‘கஞ்சா பழக்கம் உண்டா?’ என்றால், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைக்கிறார்கள். சிகிச்சைக்கு மிக அவசியமான தகவல்கள் இவை.

வம்சத்தின் பங்கு

இத்தகைய அறிகுறிகளைக் காட்டும் மனச்சிதைவு நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிறது. தாய் அல்லது தந்தைக்கு அந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில். ஒரே மாதிரி மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். ஆகவே மரபணு தலையெழுத்து அல்ல.

இதற்கென்று ஒற்றை மரபணுவும் கிடையாது; நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து தென்னிந்தியர்களிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு, உடலில் நியாசின் என்னும் பி3 வைட்டமினைக் கையாளும் ஒரு மரபணுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பைக் காட்டியது. எனினும், யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

கஞ்சாவின் பங்கு

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் இயங்கும் விதத்தை அது குலைக்கிறது. இருபத்தைந்து வயதுவரை மூளை முதிர்ந்துகொண்டிருப்பதால் பதின்பருவத்தில் தொடங்குபவர்களுக்கு ஆபத்து அதிகம். ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1987-ல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து ஆறு மடங்காக இருந்தது. 2019-ல் வந்த ஐரோப்பிய ஆய்வின்படி, தினமும் பயன்படுத்துபவர்களுக்கு சைக்கோசிஸ் (மனம் நிஜத்தை விட்டு விலகும் நிலை) ஆபத்து மூன்று மடங்கு. வீரியம் கூடிய ரகமென்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இரண்டும் சேர்ந்தால்

ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களை மட்டுமே கஞ்சா பாதிக்கும் என்று 2005-ல் ஒரு கருத்து எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட முடிவு வேறு: மரபும் கஞ்சாவும் தனித்தனியே ஆபத்தைக் கூட்டுகின்றன. வம்சத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் தினசரிப் பழக்கம் ஆபத்தே. வம்சத்திலும் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது.

கஞ்சா குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு சைக்கோசிஸ் வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் ‘போதை இறங்கினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிட முடியாது. டென்மார்க் ஆய்வொன்றில், கஞ்சாவால் சைக்கோசிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ உறுதியானது.

சட்டம் தரும் பாதுகாப்பு

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே ஏற்கிறது. மருத்துவரிடம் சொன்ன விவரங்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 23. அரசு மனநலச் சேவையைப் பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அது இலவசம். மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோயைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

நோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது பிரிவு 95. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்ட நிலையில் தீயில் மாண்ட 28 மனநோயாளிகள் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுதான். போதை மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடைத்துவைத்து அடிப்பதும் குற்றமே. சேர்க்கும் முன் அந்த மையத்துக்கு அரசின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். புகார் இருந்தால் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

போலீஸ் பயத்துக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம்.

உடனே செய்ய வேண்டியவை

தூக்கமின்மை, காரணமற்ற சந்தேகம், தனியே பேசுதல், படிப்பிலும் குளிப்பதிலும்கூட அக்கறை போவது ஆகியவை தெரிந்தால் வாதாடாதீர்கள், அடிக்காதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைத் தடுக்க வேண்டாம். மருந்து தள்ளிப்போகாமல் இருந்தால் போதும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. உயிருக்கு ஆபத்தென்றால் 108.

வம்சத்தில் மனநோய் உள்ள வீடுகளில், பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதாகும் முன்பே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: மற்றவர்களைவிடக் கஞ்சாவால் உனக்கு ஆபத்து கூடுதல். பிறப்போடு வந்ததை மாற்ற முடியாது. பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும்.