அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் லேப்டாப் திறக்கலையா? ஃபார்மேட் பண்ணிடாதீங்க... பழைய கெர்னல் உள்ளேதான் இருக்கு!

ராத்திரி ‘அப்டேட் தயார்’ என்று லேப்டாப் சொல்கிறது. ஓகே கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரை. வரிசையாகப் புரியாத வெள்ளை எழுத்துகள், கடைசியில் ‘கெர்னல் பேனிக்’ என்று இரண்டே வார்த்தைகள். மகளின் இறுதியாண்டு புராஜெக்ட், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள், பட்டறையின் ஜி.எஸ்.டி கணக்கு எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன.

பதறிப்போய் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், “ஃபார்மேட் போட்டுரலாங்ணா, சரியாயிரும்” என்ற பதில் வரலாம். லேப்டாப் சரியாகிவிடும். ஆனால், ஃபைல்கள் போய்விடும்.

கோவைக்காரர்களுக்கு இதை மோட்டார் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால், கிணறு வற்றிவிட்டது என்று யாரும் முடிவுகட்ட மாட்டார்கள். ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கெபாசிட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பெரும்பாலும் பழுதாவது ஸ்டார்ட்டர்தான். உங்கள் ஃபைல்கள் என்கிற தண்ணீர் கிணற்றில் அப்படியே இருக்கிறது.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல

‘லினக்ஸா... அதெல்லாம் இன்ஜினீயர்கள் சமாசாரம்’ என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆன் செய்ததும் ‘எதில் போகலாம்?’ என்று கேட்கும் பட்டியலை அந்த லேப்டாப் வாங்கிய மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதுபோன்ற ஒரு பட்டியல்தான் இன்று நம்மைக் காப்பாற்றப்போகும் கதவு. அதன் பெயர் ‘க்ரப்’.

உள்ளே என்ன நடக்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் மதர்போர்டில் இருக்கும் சின்ன மென்பொருள் விழிக்கிறது. அது க்ரப்பை எழுப்புகிறது. க்ரப், கெர்னலை எழுப்புகிறது. பிராசஸர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் மேய்ப்பது இந்தக் கெர்னல்தான். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இதைத்தான். டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்களை ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சின்ன மூட்டையாகக் கட்டி, கெர்னலின் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

அப்டேட்டின்போது கெர்னலும் இந்த மூட்டையும் புதிதாக வருகின்றன. சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்.

ஒன்று, மூட்டை பாதியில் நின்றுபோவது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரன்ட் நிறுத்தும் நாளில், யு.பி.எஸ் இல்லாத கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் இப்படி ஆகலாம். கெர்னல் இருக்கும் ‘பூட்’ பகுதி நிரம்பியிருந்தாலும் இதே கதிதான். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து லினக்ஸ் நிறுவியவர்களுக்கு இந்தப் பகுதி தனியாக, சிறியதாக இருக்கும் என்பதால் சீக்கிரம் நிரம்பும்.

இரண்டு, டிரைவர் ஒத்துப்போகாதது. என்விடியா கிராபிக்ஸ், சில வைஃபை கார்டுகளின் டிரைவர்களைப் புதிய கெர்னலுக்கு ஏற்ப மறுபடி உருவாக்க வேண்டும். அது தவறினால் லோகோ வரும், லாகின் திரை வராது.

மூன்று, பக்கத்து வீட்டுப் பிரச்னை. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் 2024 ஆகஸ்ட்டில் இதை அனுபவித்தார்கள். அந்த மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, உலகம் முழுக்கப் பலரது லினக்ஸ், ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று சொல்லிவிட்டு நின்றது. லினக்ஸில் யாரும் கைவைக்கவே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் முழுமையான தீர்வு வர 2025 மே ஆகிவிட்டது.

முதல் வேலை: பழைய கெர்னலில் நுழையுங்கள்

உபுண்டு, மின்ட், டெபியன் போன்றவை புதிய கெர்னலைப் போடும்போது பழையதை உடனே தூக்கி எறிவதில்லை. ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னல்கள் வரை வைத்திருக்கும். நேற்றுவரை ஓடிய கெர்னல் உள்ளேயே காத்திருக்கிறது.

1. லேப்டாப்பை முழுவதும் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள்.

2. கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். பழைய மாடல் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். பலமுறை தட்டிவிட்டு, ‘க்ரப்’ என்ற வார்த்தையோடு வெறும் கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். ‘நார்மல்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் பட்டியல் வர வாய்ப்பு உண்டு.

3. பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்களோடு கெர்னல்கள் வரிசையாகத் தெரியும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த எண்ணுள்ள பழையதை, ‘ரெகவரி மோட்’ என்று போடாத வரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

திரை வழக்கம்போலத் திறந்துவிட்டதா? உடனே ரிப்பேரில் இறங்க வேண்டாம். முக்கியமான ஃபைல்களை முதலில் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து ரிப்பேர்

‘பூட்’ பகுதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மிகப் பழைய கெர்னல் ஒன்றை மட்டும் நீக்குங்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக் கூடாது. பிறகு, பாதியில் நின்ற அப்டேட்டை முடித்து, புதிய கெர்னலுக்கான மூட்டையை ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் மறுபடி கட்டி, ‘அப்டேட்-க்ரப்’ கொடுத்தால் உபுண்டு, டெபியன் குடும்பத்தில் பெரும்பாலும் வேலை முடிந்தது. டிரைவர்தான் காரணம் என்றால், அதைப் புதிதாக நிறுவுங்கள். அதுவும் சரிவரவில்லையா? அடுத்த அப்டேட் வரும்வரை பழைய கெர்னலிலேயே ஓட்டலாம், தவறில்லை.

பழைய கெர்னலும் கைவிட்டால்?

இன்னொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். இதை ‘லைவ் யு.எஸ்.பி’ என்பார்கள். அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்து, ‘ட்ரை உபுண்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டிஸ்க்கைத் தொடாமலே ஒரு முழு லினக்ஸ் ஓடும். ஃபைல்களை நகல் எடுத்த பின், ‘பூட்-ரிப்பேர்’ என்ற இலவச மென்பொருளால் க்ரப்பைச் சரிசெய்து பார்க்கலாம். புதிய கெர்னல் வந்ததும் பழையதை நீக்கிவிடும் ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் லைவ் யு.எஸ்.பி-தான் வழி.

இந்த இடத்தில் மூன்று எச்சரிக்கைகள்:

* ‘எரேஸ் டிஸ்க் அண்டு இன்ஸ்டால்’ என்ற பட்டன் பக்கமே போகக் கூடாது. எல்லாம் அழிந்துவிடும்.

* ‘செக்யூர் பூட்’ அமைப்பை மாற்றினால், விண்டோஸ் பக்கம் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ கேட்கப்படலாம். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

* லைவ் யு.எஸ்.பி-யிலும் டிஸ்க் தெரியவில்லை, அல்லது ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் வருகிறது என்றால், அது கெர்னல் பிரச்னை அல்ல. உடனே ஆஃப் செய்துவிட்டு, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைக்குப் போவதாக இருந்தால்...

இத்தனையும் வீட்டில் செய்ய முடியாதவர்கள் கடைக்குப் போவதில் தப்பே இல்லை. போனதும், “ஃபார்மேட் போடாதீங்ணா. மொதல்ல லைவ் யு.எஸ்.பி-ல ஃபைலை எடுத்துக் கொடுங்க. அப்புறம் பழைய கெர்னல்ல போகுதான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டால் போதும். தமிழிலேயே விளக்கம் வேண்டுமென்றால், 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் ‘கணியம்’ இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே இணையவழிக் கூட்டங்கள் நடத்துகிறது. ஊர் எதுவானாலும் சேர்ந்துகொள்ளலாம்.

இனி வராமல் இருக்க...

* கரன்ட் நிறுத்தும் நாளில் அப்டேட் வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜ் ஏற்றிய பிறகே அப்டேட் கொடுங்கள்.

* பரீட்சைக்கோ புராஜெக்ட் ஒப்படைப்புக்கோ முந்தைய நாள் அப்டேட் கூடவே கூடாது.

* புதிய கெர்னல் நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை பழையதை நீக்காதீர்கள்.

* மின்ட் பயன்படுத்துபவர்கள் ‘டைம்ஷிஃப்ட்’ வசதியை ஆன் செய்து வைத்தால், சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்பலாம். ஆனால், வழக்கமாக அது உங்கள் போட்டோக்களையும் ஃபைல்களையும் சேமிக்காது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

* ஒரு லைவ் யு.எஸ்.பி-யை இன்றே தயார் செய்து மேஜை டிராயரில் போட்டுவையுங்கள். லேப்டாப் மக்கர் செய்யும் நாளில், அதைத் தயாரிக்க இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.