வென்ட் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் வாக் என்ற வினை இறந்தகாலத்தில் வாக்ட் ஆகிறது. ஜம்ப், ஜம்ப்ட் ஆகிறது. கோ மட்டும் ஏன் வென்ட் ஆகிறது? இரண்டுக்கும் ஓர் ஒலிகூடப் பொதுவாக இல்லையே!

வென்ட் உண்மையில் இரவல் சரக்கு. பழைய ஆங்கிலத்தில் கோவின் இறந்தகால வடிவம் வேறொன்று. அது மெல்ல வழக்கொழிந்தது. அந்த இடத்துக்கு, 'திரும்பு, வழிச்செல்' என்ற பொருளுடைய வென்டு என்ற இன்னொரு வினையின் இறந்தகாலம் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்டு, சென்ட் ஆவதுபோல வென்டு, வென்ட் ஆனது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது கோவுக்கே சொந்தமாகிவிட்டது. பறிகொடுத்த வென்டு, பாவம், வென்டட் என்று தனக்குப் புதிய இறந்தகாலம் தேடிக்கொண்டது.

சரி, பேசும்போது? தனியாக நின்றால் வென்ட்: 'ஐ வென்ட்'. டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமக்கிறது. பிறகு வெறும் கோ போதும். 'டிட் நாட் வென்ட்' தவறு, 'டிட் நாட் கோ' சரி. ஹேவ், ஹேஸ், ஹேட் ஆகியவற்றுக்குப் பின் கான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'ஹி ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் அவர் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. 'ஹி ஹேஸ் பீன் டு லண்டன்' என்றால் போய்வந்தவர். மேலாளரைக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவரிடம் இரண்டாவதைச் சொன்னால், "அப்படியானால் அவரிடம் கொடுங்கள்" என்பார்!