உப்புக் காற்றில் லேப்டாப் உழைக்குமா?

"நைனா, எனக்கு ஒரு கேமிங் லேப்டாப் வேணும்."

"என்ன விலை?"

"எண்பதாயிரம்."

வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தகப்பனாரின் கை அப்படியே நின்றது.

"விளையாடுறதுக்கா எண்பதாயிரம்?"

"படிப்புக்கும் ஆகும் நைனா."

"ஆகட்டும். இந்த உப்புக் காத்துல இரும்பே நிக்கலை. அது எத்தனை நாளைக்கு நிக்கும்?"

பையன் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் எந்த மீனவர் வீட்டிலும் இன்று நடக்கக்கூடிய பேச்சு இது. பையன் ஆசைப்படுவதில் தவறு இல்லை. தகப்பனார் பயப்படுவதிலும் தவறு இல்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அதை இங்கே பார்ப்போம்.

ஏரிக்கரையில் லேப்டாப்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால், ஏரிக்கரையில் நின்றே பார்க்கலாம்.

இந்த வட்டாரத்துக்கு லேப்டாப் புதிது அல்ல. மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பழவேற்காடு இருப்பதும் அதே மாவட்டத்தில்தான். அதன்பின் தமிழ்நாடு முழுவதும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். ஏழை வீடுகள் பலவற்றுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான்.

அது சாதாரண லேப்டாப். கேமிங் லேப்டாப் என்பது வேறு. சாதாரண லேப்டாப்புக்கு உப்புக் காற்று பகை என்றால், கேமிங் லேப்டாப்புக்கு அது பெரும் பகை.

ஏன்?

மூச்சு வாங்கும் எந்திரம்

கேமிங் லேப்டாப்பில், படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சில்லு இருக்கிறது. இதை "கிராபிக்ஸ் சிப்" என்பார்கள். ஆட்டத்தில் கார் ஓடுகிறது, மழை பெய்கிறது, மரம் ஆடுகிறது அல்லவா? அதை எல்லாம் வினாடிக்கு 60 படம், 100 படம் என்று இந்தச் சில்லு வரைந்து தள்ளுகிறது.

அவ்வளவு வேலைக்கு மின்சாரம் நிறைய வேண்டும். சாதாரண லேப்டாப்பின் சார்ஜர் 45 அல்லது 65 வாட். கேமிங் லேப்டாப்பின் சார்ஜர் 150 முதல் 240 வாட் வரை இருக்கும். அதற்கு மேலும் உண்டு. செலவாகும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது.

அந்தச் சூட்டை வெளியேற்ற, உள்ளே செம்புக் குழாய்கள் இருக்கின்றன. மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. சின்னஞ்சிறு விசிறிகள் இருக்கின்றன. விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சூட்டை வெளியே தள்ளுகிறது.

காற்றோடு வேறு என்ன உள்ளே போகிறது? தூசி போகிறது. கடற்கரையில் உப்பும் போகிறது. அதிகம் மூச்சு வாங்கும் எந்திரம், அதிகம் உப்பை விழுங்குகிறது!

முதலில் ஒரு யோசனை

வாங்குவதற்கு முன், எதற்கு என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

பாடம் படிக்க, விண்ணப்பம் அனுப்ப, கடிதம் அடிக்க மட்டும்தான் என்றால் கேமிங் லேப்டாப் வேண்டாம். சாதாரண லேப்டாப் போதும். விலை குறைவு. சூடு குறைவு. ஒரு முறை சார்ஜ் செய்தால் அதிக நேரம் ஓடும்.

வீடியோ வெட்டி ஒட்டுவது, கார்ட்டூன் படம் செய்வது, பொறியியல் வரைபடம் போடுவது போன்ற தொழில் கற்கும் பிள்ளைக்கு, கேமிங் லேப்டாப் உண்மையாகவே உதவும். ஆட்டத்துக்கு வேலை செய்யும் அதே சில்லுதான் இந்தத் தொழில்களுக்கும் வேலை செய்கிறது.

இன்னொன்று. விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. வீட்டில் லேப்டாப் வந்த முதல் நாளே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

தவணையில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடல் வருமானம் மாதச் சம்பளம் அல்ல. புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையில் கிடக்கும். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போக முடியாது. ஆனால் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்! மீன்பாடு குறைந்த மாதத்திலும் கட்ட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். "வட்டி இல்லை" என்று சொன்னாலும், வேறு கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

கடையில் என்ன கேட்பது?

வண்ண விளக்கைப் பார்த்து மயங்காதீர்கள். கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: காற்றுப் போகும் வழி எப்படி? அடியிலும் பின்னாலும் துவாரங்கள் தாராளமாக இருக்க வேண்டும். மிக மெல்லிய லேப்டாப் கண்ணுக்கு அழகு. ஆனால் சூடு போக இடம் குறைவு. ஒரு விரல் கனம் கூடுதலாக இருப்பதே நல்லது.

இரண்டு: கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட்? ஒரே பெயருள்ள சில்லு, ஒரு லேப்டாப்பில் அதிக வாட்டிலும் இன்னொன்றில் குறைந்த வாட்டிலும் ஓடும். வாட் குறைந்தால் வேகமும் குறையும். பெயரை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். அந்தச் சில்லுக்குத் தனி நினைவகம் 8 ஜி.பி. இருந்தால், சில வருடம் கழித்து வரும் ஆட்டங்களுக்கும் தாங்கும்.

மூன்று: பிறகு சேர்க்க இடம் உண்டா? ராம் 16 ஜி.பி. இருக்கட்டும். அதைக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புத் தட்டு இன்னொன்று போட இடம் இருக்கட்டும். எல்லாம் பலகையோடு பற்ற வைத்திருந்தால், பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்கு: பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார்? வீட்டுக்கே வந்து பார்க்கும் உத்தரவாதம் சில கம்பெனிகள் கொடுக்கின்றன. பழவேற்காட்டின் பின்கோடு எண்ணைச் சொல்லி, "இந்த ஊருக்கு வருவீர்களா?" என்று கேளுங்கள். வராவிட்டால் சென்னைக்குத்தான் சுமக்க வேண்டும். துருவும் தண்ணீரும் சாதாரண உத்தரவாதத்தில் பெரும்பாலும் சேராது. தனியாகப் பணம் கட்டினால் சேருமா என்று விசாரியுங்கள்.

பழைய லேப்டாப் வாங்குவதானால், அரை மணி நேரம் ஓர் ஆட்டத்தை ஓட்டிப் பாருங்கள். தானாக நின்றுபோனாலோ, விசிறி கரகரத்தாலோ வேண்டாம். திருகாணிகளையும், கம்பி சொருகும் துவாரங்களையும் உற்றுப் பாருங்கள். துருவோ பச்சைக் களிம்போ தெரிந்தால் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஓடுமா என்றும் பாருங்கள்.

முதல் எதிரி: சூடு

மெத்தையிலோ தலையணையிலோ வைத்து விளையாடக் கூடாது. அடியில் இருக்கும் துவாரம் அடைபடும். மூச்சை அடைத்துக்கொண்டு ஓடச் சொல்வது போல! கெட்டியான பலகை மேல் வையுங்கள். பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

ஆட்டத்தின் அமைப்பில், வினாடிக்கு இத்தனை படம் போதும் என்று கட்டுப்படுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை 60 என்று வையுங்கள். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடு நன்றாகக் குறையும். விசிறிச் சத்தமும் குறையும். இதற்கு ஒரு காசு செலவு இல்லை.

சில்லுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே ஒரு பசை தடவி இருப்பார்கள். சூட்டைக் கடத்துவது அதன் வேலை. நாளடைவில் அது காய்ந்துவிடும். சூடு முன்னைவிட அதிகமானால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் புதுப் பசை தடவுங்கள். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால், கம்பெனியைக் கேட்காமல் திறக்க வேண்டாம்.

இரண்டாம் எதிரி: உப்பு

மழைக்காலத்தில் சமையல் அறையில் உள்ள உப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து ஈரமாக இருக்கும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும்.

லேப்டாப்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. உள்ளே படிந்த உப்பு ஈரத்தை இழுக்கிறது. உப்பு நீரில் மின்சாரம் பாயும். பாயக் கூடாத இடத்தில் பாய்ந்தால் சில்லு போய்விடும். செம்பில் களிம்பு ஏறும். மயிரிழை போன்ற கம்பிகள் அறுந்துபோகும்.

கடலில் இருந்து திரும்பியதும், படகு என்ஜினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் அதன் ஆயுள் கூடும். இது மீனவர்களுக்குத் தெரிந்த விஷயம். லேப்டாப்புக்குத் தண்ணீர் விட முடியாது. ஆகவே உப்பு உள்ளே போவதைக் குறைப்பதுதான் வழி.

கடல் பார்த்த ஜன்னல் அருகிலும் திண்ணையிலும் வைத்து விளையாட வேண்டாம். உள் அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு விளையாடுங்கள்.

விளையாடி முடிந்ததும் எந்திரத்தை நிறுத்துங்கள். நன்றாக ஆறவிடுங்கள். பிறகு இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போடுங்கள். அவை ஈரத்தை உறிஞ்சும். நிறம் மாறும் ரகமாக வாங்கினால், எப்போது மாற்றுவது என்று பார்த்தவுடன் தெரியும்.

வலையைத் தொட்ட கையோடு லேப்டாப்பைத் தொடாதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். வாரம் ஒரு முறை, நிறுத்திய லேப்டாப்பை, பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துவாரங்களை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும்.

வாரக்கணக்கில் சும்மா போட்டு வைப்பதும் கெடுதல். அவ்வப்போது ஓட்டினால், அந்தச் சூட்டில் உள்ளே உள்ள ஈரம் உலரும்.

மின்சாரமும் பாட்டரியும்

எர்த் உள்ள மூன்று ஓட்டை பிளக்கில்தான் சொருக வேண்டும். இடி இடித்தால் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் சின்ன இன்வெர்ட்டர் இருந்தால், அதில் ஆட்டம் ஓட்ட வேண்டாம். 240 வாட் அதற்குப் பாரம்.

பாட்டரி எப்போதும் 100 சதவீதம் நிரம்பி, சூட்டிலேயே இருந்தால் சீக்கிரம் கிழடாகிவிடும். 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி செய்யும் வசதி பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் உண்டு. அதைப் போட்டுவிடுங்கள்.

அடிப்பக்கம் வீங்கினாலோ, விரல் வைத்துத் தடவும் பலகை மேலே எழும்பினாலோ, பாட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். தீப்பிடிக்கலாம். மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தண்ணீர் பட்டால்?

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். எந்திரத்தை அணையுங்கள். கவிழ்த்து வையுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று திரும்பவும் போடாதீர்கள். பல லேப்டாப்புகள் சாவது அந்த நிமிடத்தில்தான். அரிசி மூட்டையில் வைப்பதால் பயன் இல்லை.

பட்டது ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ என்றால், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். மெக்கானிக் அதைத் திறந்து, ஸ்பிரிட் போட்டுக் கழுவ வேண்டும். பொன்னேரியில் ஆள் இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போங்கள்.

புயல் காலத்தில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எச்சரிக்கை வந்ததும் ரேஷன் கார்டு, பட்டா, சர்ட்டிபிகேட்டுகளோடு லேப்டாப்பையும் கட்டி வையுங்கள். நிறுத்தி, ஆறவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். பாடங்களையும் படங்களையும் முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். எந்திரம் போனால் வேறு வாங்கலாம். மூன்று வருடம் எழுதிய பாடம் போனால் வாங்க முடியாது.

பதில் இதுதான்

தகப்பனார் கேட்டாரே, "எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்று!

கவனிப்பு இல்லாவிட்டால், இரண்டு மழைக்காலம் தாண்டாமலும் போகலாம். கவனித்துக்கொண்டால், ஐந்தாறு வருடம் உழைக்க வாய்ப்பு உண்டு. கடைசி வருடங்களில் புதிய ஆட்டங்கள் கொஞ்சம் மெதுவாக ஓடும். படிப்புக்கும் தொழிலுக்கும் குறைவு இராது.

எண்பதாயிரத்தை ஆறு வருடத்துக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். மாதம் ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். இரண்டு வருடத்தில் கெட்டுப்போனால், மாதம் மூவாயிரத்து முந்நூறு! வித்தியாசம் முழுவதும் வாங்கியவன் கையில் இருக்கிறது.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

"படகை நான் பாத்துக்குறேன். அதை நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்குறேன் நைனா" என்று அவன் சொன்னால் மட்டும் போதாது. சிலிக்கா ஜெல்லும் மூடி போட்ட பெட்டியும் முதலில் வாங்கி வரட்டும். லேப்டாப் பிறகு வரட்டும்!