குளிர் ஊரில் குளிரூட்டிக்கு என்ன வேலை?

ஜனவரி மாதத்து நுவரெலியாவைப் பற்றி நம் வாசகியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். கம்பளிச் சட்டையும் காதை மூடிய தொப்பியுமாகத்தான் சனங்கள் டவுனுக்கு வருவார்கள். அப்படியொரு காலையில் சுப்பர் மார்க்கட் ஒன்றுக்குள் போனோம். பால், தயிர், மரக்கறி அடுக்கியிருந்த உயரமான தட்டுகளுக்கு முன்னால் நின்றபோது கணுக்காலில் குளிர் ஏறியது. அந்தக் குளிரூட்டிக்குக் கதவே இல்லை. உள்ளிருந்த குளிர் தண்ணீரைப் போலத் தரையில் வழிந்துகொண்டிருந்தது.

என்னோடு வந்தவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறு கடை நடத்தும் சகோதரி. அவர் மெல்லக் கேட்டார்: "ஏன் அக்கா, வெளியிலயும் இம்புட்டுக் குளிரு, உள்ளாரயும் குளிரு. அப்புறம் எதுக்குக் கரண்டு?"

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய கேள்வியல்ல இது. அவருடைய கடையில் ஐஸ்கிறீம், யோகட், சொசேஜஸ் வைக்கும் பழைய குளிர்ப்பெட்டி ஒன்று இருக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம் கூடியது. பின்னர் இடைக்கிடை குறைக்கப்பட்டாலும் அந்தச் சிறு கடைகள் பட்ட அடி இலேசானதல்ல. "விக்கிற லாபம் பூராவும் கரண்டு பில்லுக்கே போயிருது" என்றார். சீட்டுப் பணம் கையில் வரப்போகிறதாம். அதில் இன்னும் பெரியதாக ஒரு பழைய பெட்டி வாங்குவதா, சிறியதாகப் புதியது வாங்குவதா என்பதுதான் அவருக்கிருந்த யோசனை.

முதலில் அவர் கேள்விக்கே வருவோம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். நமக்கு அது குளிர்தான். ஆனால் பால் கெடாமலிருக்க 4 பாகை அளவில் இருக்க வேண்டும். ஐஸ்கிறீமுக்கும் உறைந்த கோழி இறைச்சிக்கும் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை தேவை. ஆகவே மலைக்குளிர் மட்டும் போதாது. அதற்காக அது பயனற்றதென்றும் சொல்ல முடியாது.

எந்தக் குளிர்ப்பெட்டியும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்துகொண்டு மடுவத்துக்கு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். மடுவம் பக்கத்து மேட்டில் இருந்தால் மூச்சு வாங்காது. மலை உச்சியில் இருந்தால் அதே கூடை இரு மடங்கு கனக்கும். கொழும்பில் வெளியே 32 பாகை வெயிலில் சூட்டைக் கொட்ட வேண்டிய இயந்திரம் மலை உச்சிக்கு ஏறுகிறது. நுவரெலியாவில் இருக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேடுதான். சூட்டை வெளியேற்றும் பகுதியின் வெப்பநிலை ஒரு பாகை குறைந்தாலே மின்செலவு ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது இத்துறையினர் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

ஆனால் இயந்திரத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே! பழைய முறையிலான தொகுதிகள் வருடத்தின் மிகச் சூடான நாளை மனதில் வைத்து, எல்லா நாளும் ஒரே அமுக்கத்தில் ஓடும். வெளியே உறைபனி கொட்டினாலும் கொம்பிரசர் கொழும்பு வெயிலில் நிற்பதைப் போலவே பாடுபடும். வெளிக்காற்றுக்கேற்ப அமுக்கத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவிகளைத்தான் இன்று இத்துறை நிறுவனங்கள் விற்கின்றன. டென்மார்க்கில் 1933இல் தொடங்கப்பட்ட டான்பொஸ் நிறுவனம் அவற்றில் ஒன்று. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. ஜேர்மனியின் பிட்சர் நிறுவனம் கொம்பிரசர்களுக்குப் பேர் போனது.

நல்ல சுப்பர் மார்க்கட் ஒன்றின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி குளிரூட்டலுக்கே போகிறது. அதனால்தான் இந்நிறுவனங்களுக்கிடையே இத்தனை போட்டி. திறந்த தட்டுக் குளிரூட்டிகளில் இயந்திரம் படும் பாட்டின் பெரும்பகுதி, கடைக்குள்ளிருக்கும் சூடான காற்று உள்ளே கலப்பதால் வருவது. கண்ணாடிக் கதவு போட்டாலே செலவு வெகுவாக இறங்கும். கதவைத் திறக்க வேண்டியிருந்தால் வாங்குபவர் கை நீட்டத் தயங்குவார் என்ற பயம் முதலாளிமாருக்கு. பிரித்தானியாவில் ஒரு நிறுவனம் இதற்கு வேறு வழி பார்த்தது. பந்தயக் கார்களில் காற்றைத் திருப்பும் தகடுகளைப் போல மெல்லிய தகடுகளைத் தட்டுகளின் விளிம்பில் பொருத்தினால், குளிர்காற்று வெளியே வழியாமல் திரைபோல் நேராக இறங்கும். செயின்ஸ்பரிஸ் என்ற பெரிய கடைத்தொடர் இதைத் தன் கிளைகளில் பொருத்தியது. கெட்டிக்காரத்தனம்தான். இருந்தாலும் கதவைப் போட்டு மூடுவதற்கு ஈடாகுமா என்பது என் சந்தேகம். நம் வீட்டில் பிரிட்ஜைத் திறந்துவைத்துவிட்டு எந்தப் பிள்ளையாவது தப்ப முடியுமா?

அடுத்தது பெட்டிக்குள் ஓடும் வாயு. ஓசோன் படையைப் பாதுகாக்கும் 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. ஓசோனைத் தின்னும் பழைய வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்த சில வாயுக்கள் ஓசோனை விட்டுவிட்டுப் பூமியைச் சூடாக்கின. சுப்பர் மார்க்கட்டுகளில் பெரிதும் பயன்பட்ட ஆர்-404ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறக்குறைய 4 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறியதற்குச் சமம். இவற்றைக் குறைக்க 2016இல் கிகாலித் திருத்தம் வந்தது. 2018இல் இலங்கை அதை ஏற்றுக்கொண்டது.

ஆக, அந்தக் காபனீரொட்சைட்டையே குளிரூட்டும் வாயுவாக்கினால் என்ன? ஐரோப்பிய சுப்பர் மார்க்கட்டுகள் பலவற்றில் இன்று ஓடுவது அதுதான். ஒரு சிக்கல் இருக்கிறது. 31 பாகைக்கு மேல் அந்த வாயுவை எவ்வளவு அமுக்கினாலும் திரவமாக்க முடியாது. அதனால் சூடான நாடுகளில் அதன் செலவு ஏறும். உலகப்படத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குத் தெற்கே இது சரிவராது என்று துறையினர் வெகுகாலம் பேசி வந்தார்கள். புதிய கருவிகள் அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டே வருகின்றன. நுவரெலியாவோ பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே, ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில்கூட வெளிக்காற்று பெரும்பாலும் 20 பாகையை ஒட்டித்தான். கொழும்பில் சிரமப்படும் ஓர் இயந்திரம் இங்கே சுகமாக ஓடும். கொழும்புக்கென்று கணக்குப் போட்ட அதே தொகுதியை மலைக்கும் அனுப்பாமல், இந்த ஊரின் காற்றைக் கணக்கிலெடுத்துத் தொகுதி கேட்க வேண்டியது கடைத்தொடர்களின் பொறுப்பு. வெளியே கொட்டும் சூட்டையும் வீணாக்க வேண்டியதில்லை. குளிர் ஊரில் வெந்நீருக்கு எப்போதும் வேலை இருக்கிறது. பால் குளிரூட்டும் நிலையங்களில் அந்தச் சூட்டிலேயே பால் கேன் கழுவ வெந்நீர் எடுக்கலாம்.

இது பெரிய கம்பனிகளின் விவகாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். லக்சபானவில் 1950 முதலும் தலவாக்கலை மேல்கொத்மலையில் 2012 முதலும் பிறக்கும் மின்சாரம் நம் மலைத் தண்ணீரில் பிறப்பது. மழை பொய்த்தால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்தாக வேண்டும். அந்தச் செலவு எல்லாருடைய பில்லிலும் வந்து விழுகிறது. நம் மாவட்டத்து மரக்கறியும் இந்தக் குளிர்ச் சங்கிலியில் கட்டுண்டது. கார்கில்ஸ் நிறுவனம் 1983இல் தன் முதல் சுப்பர் மார்க்கட்டைத் திறந்தது. 1999இல் ஹங்குராங்கெத்தையில் விவசாயிகளிடமிருந்து நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியது. கரட்டும் லீக்ஸும் வாடாமல் போய்ச் சேர்ந்தால்தான் விளைவித்தவர் கைக்கும் விலை வரும்.

திரும்பி வரும் வழியில் சகோதரியின் கடைக்கே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். தேநீர் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. சூடு போக இடமில்லை. கம்பிச் சுருளில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. உள்ளே ஓர் அங்குலத்துக்குப் பனி. மூடியின் இறப்பர் பட்டியில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டது. அந்த இடைவெளியால் இரவும் பகலும் காசு போய்க்கொண்டிருந்தது.

"வருசா வருசம் பாஸ் வந்து காஸ் அடிச்சிட்டுப் போவாரு அக்கா" என்றார். பெட்டியின் வாயு அடுப்பு எண்ணெய் போலத் தீர்ந்துபோகும் பொருளல்ல. முழுதும் அடைத்த குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருப்பது. வருடந்தோறும் நிரப்ப வேண்டியிருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பிய வாயு மறுபடி காற்றில்தான் போகும். "ஓட்டையை முதலில் கண்டுபிடியுங்கள்" என்று கேட்கும் உரிமை காசு கொடுப்பவருக்கு உண்டு.

புதிய சிறு பெட்டி வாங்குவதானால் பின்னாலுள்ள தகட்டில் ஆர்-290 அல்லது ஆர்-600ஏ என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்று புரொப்பேன், மற்றது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குக் கேடில்லை, பூமியைச் சூடாக்குவதும் மிகச் சொற்பம். 1993இல் கிரீன்பீஸ் இயக்கத்தின் தூண்டுதலால் ஜேர்மனியில் இவ்வகைப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. "காஸ் வெடிக்காதா அக்கா?" என்று பயந்தார். 2021 இறுதியில் சமையல் சிலிண்டர்கள் வெடித்த நினைவு யாருக்கும் போகவில்லையே. எரியும் வாயுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சமையல் சிலிண்டரில் 12.5 கிலோ இருக்கிறது. இத்தகைய சிறு பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 150 கிராமுக்கு உட்பட்டது. மின்பொறி பறக்காதபடி அதன் பாகங்களும் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: வேறு வாயுவுக்குச் செய்த பழைய பெட்டியில் இதை யாராவது மலிவாக நிரப்பித் தருகிறேன் என்றால் சம்மதிக்கக் கூடாது. அது உண்மையிலேயே ஆபத்து.

குளிரூட்டி திருத்தும் தொழிலுக்கு நாட்டில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்கு மகனைப் பற்றி மட்டும் விசாரிக்கும் தாய்மார் மகளுக்கும் சேர்த்து விசாரிக்கலாம் என்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய மூத்த பெண், "நான் போவேன்" என்றாள்.

பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, அடுப்புக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தினோம். மூன்று பேர் வேண்டியிருந்தது. பனியை உருக்கித் தூசியைத் தட்டினோம். இறப்பர் பட்டி மாற்ற மறுநாளே ஹட்டனுக்குப் போவதாகச் சொன்னார். சீட்டுப் பணத்தை இப்போதைக்குத் தொடவில்லை. அந்த மாதத்துப் பில்லைக் கலண்டர் ஆணியில் குத்திவைத்து, "அடுத்தது வரட்டும் அக்கா, பக்கத்துல வச்சுப் பாக்கலாம்" என்றார்.