நீரில் மிதக்கும் ஒரு மலர்க் குடும்பம்

நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்துடன் நிறைந்திருக்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கத் தொழில் நடவாது. அவ்வாறு இறைக்கப்படும் ஜலம் கால்வாய்களின் வழியே வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் அடைந்து, பிறகு வயல்களுக்குப் பாய்கிறது. ஏரியும் வயலும் செழித்த இத்தகைய பிரதேசங்களைத் தம் வாசஸ்தலமாகக் கொள்ளும் தாவர வம்சங்களுள் பொன்டெடேரியேசி என்னும் குடும்பம் விசேஷமாகக் கவனிக்கத் தக்கது.

சுமார் 30 இனங்களே அடங்கிய இச்சிறு குடும்பத்துச் செடிகள் ஒருவித்திலைத் தாவர வகையைச் சேர்ந்தவை. அடி உறையாக விரிந்து தண்டைத் தழுவும் இலைகளும், நீர்வாழ்வுக்கு உற்ற காற்றறைகள் நிரம்பிய திசுக்களும், பெரும்பாலும் நீலமோ ஊதாவோ ஆன ஆறு இதழ்களும் அவற்றின் பொது லக்ஷணங்கள்; மலர்களின் ஆயுளோ மிகச் சுருக்கம்.

நம் நெல்வயல்களில் தொன்றுதொட்டு வளரும் கருங்குவளை இவ்வம்சத்தின் சுதேசப் பிரதிநிதி. அதன் பூங்கொத்து இலைக்காம்பிலிருந்தே பிறப்பதுபோல் தோன்றும். ஆறு மகரந்தத் தாள்களில் ஐந்து சிறியனவாய் மஞ்சள் மகரந்தப் பை தாங்கியிருக்க, ஒன்று மட்டும் பெரிதாகி நீலநிறம் பூண்டிருக்கும்.

அமேசான் நதிப் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் வழியே இந்நாட்டில் பரவிய வெங்காயத்தாமரை இதன் உறவினமே. இலைக்காம்பு ஊதிப் பருத்துக் காற்றை அடக்கியிருப்பதால் வேர் மண்ணைத் தொடாமலே செடி மிதக்கிறது. மேலிதழின் நடுவே நீலம் சூழ்ந்த மஞ்சட் பொட்டு வண்டுகளை அழைக்கிறது. மலர் வாடியபின் கதிர் வளைந்து நீருக்குள் இறங்கி, அங்கே விதை முதிர்கிறது.

இக்குடும்பத்துச் சில இனங்களில் சூல்தண்டின் நீளம் செடிக்குச் செடி மூவகையாக வேறுபடுவதைப் பிரேஸிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் ஆராய்ந்தறிந்தார். டார்வினும் அதனை 1877-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்தாண்டார். தாயகத்தில் மூவகையும் காணப்படும் வெங்காயத்தாமரை, அந்நிய நாடுகளிலோ பெரும்பாலும் இடைநீளச் சூல்தண்டு உடையதாகவே இருக்கிறது. ஆதியில் குடியேறிய சில செடிகளே ஓடுதண்டுகளால் கிளைத்துக் கிளைத்து இத்தனை நீர்நிலைகளையும் மூடின என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஆதலின் ஏரியைக் காக்க விழைவோர் இச்செடியின் ஸ்வபாவத்தை முதலில் அறிதல் வேண்டும். ஓடுதண்டின் துண்டொன்று எஞ்சினாலும் அது மீண்டும் தழைக்கும். சேற்றில் படிந்த விதை 15 ஆண்டுகள் கடந்தும் முளைக்கும். பூக்குமுன்னே முழுச்செடியாக அகற்றிக் கரைக்கு அப்பால் உலர்த்துவதும், ஒருமுறை அகற்றிய நீர்நிலையை ஆண்டுதோறும் கண்காணிப்பதுமே பயன் தரும். சுதேசியான கருங்குவளையை அதனோடு சேர்த்து அழித்துவிடாதிருப்பதும் நம் கடமை.