திருச்சூர் ஏ.டி.எம்.மும் குமாரபாளையம் கன்டெய்னரும்

2024 செப்டம்பர் 27. விடியறதுக்கு முன்னாடி திருச்சூர் பக்கம் மூன்று எஸ்.பி.ஐ. ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்து, 60 லட்சத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு ஒரு கும்பல் கிளம்பியது. அன்று காலையிலேயே நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் பக்கத்தில் பிடிபட்டது. ஒரு கன்டெய்னர் லாரி. அதுக்குள்ளே பணம், ஆட்கள், திருட்டுக்குப் போன கார்.

"சினிமா மாதிரி இருக்கே"ன்னு எல்லாரும் பேசினாங்க. எனக்கு வந்த கேள்வி வேற. கேரளத்தில் நடந்த குற்றத்துக்கு நாமக்கல் போலீஸ் எந்த அதிகாரத்தில் லாரியை மறித்தது?

முதலில் மேப்பைப் பாருங்க. சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 சங்ககிரி, குமாரபாளையம், பவானி, கோவை, பாலக்காடு வழியாகத் திருச்சூர் போகிறது. ஒரே ரோடு. அதிலும் இது லாரி நாடு. நாமக்கல்லில் பாடி கட்டுறாங்க, சங்ககிரியில் வீதிக்கு வீதி லாரி நிற்கும். இங்கே ஒரு கன்டெய்னரை யார் திரும்பிப் பார்ப்பாங்க? எச்சரிக்கை வந்திருந்த போலீஸ் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல், வழியில் வண்டிகளை இடித்துக்கொண்டே ஓடியதுதான் காட்டிக்கொடுத்தது.

இனி சட்டம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 35, நம்பகமான தகவல் இருந்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்கிறது. பிரிவு 45 துரத்திக்கொண்டு இந்தியாவின் எந்த இடத்துக்கும் போகலாம் என்கிறது. திருட்டு நடந்த ஊரில் மட்டுமல்ல, திருட்டுப் பொருளைத் திருடன் வைத்திருந்த ஊரிலும் வழக்கை விசாரிக்கலாம் (பிரிவு 201). பழைய சட்டத்திலும் இதெல்லாம் இருந்ததுதான். ஐரோப்பாவில் ஷெங்கன் ஒப்பந்தப்படி பக்கத்து நாட்டுக்குள் துரத்த எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு நாடும் வரம்பு வைக்கலாம். நமக்கு மாநில எல்லையில் அந்தத் தடை கிடையாது.

அப்போ குறை எங்கே? தகவலில். இதே சேலத்திலிருந்து 2016 ஆகஸ்ட் 8 இரவு கிளம்பிய சென்னை எக்ஸ்பிரஸை நினைச்சுப் பாருங்க. ரிசர்வ் வங்கிக்குப் போன 342 கோடி ரூபாய் பழைய நோட்டு, ரயில் பெட்டியின் கூரையில் ஓட்டை, 5.78 கோடி காணோம். சென்னையில் பெட்டியைத் திறந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. மத்தியப் பிரதேசக் கும்பல் என்று கண்டுபிடித்து சிபிசிஐடி கைது செய்தபோது 2018 அக்டோபர். நடுவில் பணமதிப்பிழப்பு வேறு வந்துவிட்டது! திருச்சூர் விவகாரத்தில் கொள்ளையும் எச்சரிக்கையும் சில மணி நேரத்துக்குள். சட்டம் இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதில் பலரும் கைதட்டிவிட்டுத் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. லாரி ஓட்டுநர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், இன்னொருவர் குண்டடிபட்டார். தங்களைத் தாக்கினார்கள் என்றது போலீஸ்; போலீசாருக்கும் காயம். போலீஸ் சுட்டு யார் இறந்தாலும் மாஜிஸ்திரேட் விசாரணையும், சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் அல்லாத வேறு குழுவின் புலனாய்வும் கட்டாயம் என்று 2014-இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனித உரிமையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் எனக்கு இது நஷ்டக் கணக்குதான். அந்தக் கன்டெய்னரை யார் ஏற்பாடு செய்தாங்க, இதுக்கு முன்னாடி எத்தனை மாநிலத்தில் அது ஓடியது என்று சொல்லக்கூடிய வாய் ஒன்று மூடிப்போச்சு.

பிடிபட்ட மற்றவர்கள் ஹரியானாக்காரர்கள். அவர்கள் மேல் இங்கே போலீசைத் தாக்கிய வழக்கு, அங்கே ஏ.டி.எம். வழக்கு. இங்கே சிறையில் இருப்பவரைத் திருச்சூர் போலீஸ் நேரே போய்க் கூட்டிவர முடியாது. அங்குள்ள நீதிமன்றம் பி.டி. வாரன்ட் (பிரிவு 302) போடணும், சிறை அதிகாரி காவலோடு அனுப்பணும், வேலை முடிந்ததும் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விடணும். இங்கே வாய்தா இருக்கிற நாளில் அங்கேயும் வாய்தா விழுந்தால் ஏதோ ஒரு வழக்கு தள்ளிப்போகும்.