ஆண்டின் நடுவில் வெளிநாடு செல்வோருக்கு எங்கே வரி? தீர்மானிக்கும் 182 நாள் கணக்கு

புதுதில்லி: வெளிநாட்டில் வேலை கிடைத்து நிதியாண்டின் நடுவில் இந்தியாவை விட்டுப் புறப்படுவோர் பலர், விமானம் ஏறிய நாளோடு இந்திய வருமான வரியுடனான தொடர்பும் முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. புறப்பட்ட தேதி செப்டம்பர் மாத இறுதிக்கு முன்பா, பின்பா என்பதைப் பொறுத்து, வெளிநாட்டில் ஈட்டிய சம்பளத்துக்கும் இந்தியாவில் வரி செலுத்த வேண்டிய நிலை ஏற்படலாம்.

இடம்பெயரும் முதல் ஆண்டில் இரு நாடுகளிலும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய நேர்வது இயல்பு. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் வரி ஆண்டு வேறு. யார் குடியிருப்பாளர் என்று முடிவு செய்யும் முறையும் வேறு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டு முழுவதற்கும் ஒரே தகுதி

வருமான வரிச் சட்டம் ஒருவரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. அவர் இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தவர் குடியிருப்பாளர். அந்த ஆண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இருந்தவரும் குடியிருப்பாளரே. ஆனால், வேலைவாய்ப்புக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமக்களுக்கு இந்த 60 நாள் வரம்பு 182 நாட்களாகத் தளர்த்தப்பட்டுள்ளது.

2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டு சட்டம் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டம் ‘வரி ஆண்டு’ என்ற சொல்லைப் புகுத்தியிருந்தாலும், நாட்களை எண்ணும் அடிப்படை விதி தொடர்கிறது.

இங்கு கவனிக்க வேண்டியது, இந்தியச் சட்டம் ஆண்டை இரண்டாகப் பிரிப்பதில்லை என்பதாகும். பிரிட்டனில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வந்து சேர்வதற்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் தனித்தனியாகக் கருதும் முறை உண்டு. இந்தியாவில் ஒருவர் முழு நிதியாண்டுக்கும் குடியிருப்பாளர். இல்லையேல் முழு நிதியாண்டுக்கும் குடியிருப்பாளர் அல்லாதவர்.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை 181 நாட்கள். செப்டம்பர் 29 ஆம் தேதியோடு 182 நாட்கள் நிறைவடைகின்றன. புறப்படும் நாளும் கணக்கில் சேரக்கூடும் என்பதால், எல்லைக் கோட்டுக்கு மிக அருகில் பயணத் தேதியை வைத்துக்கொள்ளாமல் இருப்பது பாதுகாப்பானது. அதே நிதியாண்டில் விடுமுறைக்காகத் தாயகம் வந்து தங்கும் நாட்களும் இந்தக் கணக்கில் சேரும்.

இரு தேதிகள், இரு விளைவுகள்

எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் பணியாற்றிய இருவர் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்வதாகக் கொள்வோம். ஒருவர் 2025 ஆகஸ்ட் 15 அன்றும், மற்றவர் நவம்பர் 15 அன்றும் புறப்படுகின்றனர். இருவரும் அந்த நிதியாண்டில் மீண்டும் இந்தியா வரவில்லை.

முதலாமவர் இந்தியாவில் இருந்தது 137 நாட்கள். எனவே அவர் 2025-26 நிதியாண்டு முழுவதும் குடியிருப்பாளர் அல்லாதவர். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான இந்தியச் சம்பளம், வங்கி வட்டி, வீட்டு வாடகை போன்ற இந்திய வருமானத்துக்கு மட்டுமே இங்கு வரி. அமெரிக்காவில் பெறும் சம்பளம் இந்திய வரி வரம்புக்குள் வராது. ஆனால் அந்தச் சம்பளம் முதன்முதலில் வெளிநாட்டுக் கணக்கில் வரவாக வேண்டும். நேரடியாக இந்திய வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டால், இந்தியாவில் பெறப்பட்ட வருமானம் என்ற அடிப்படையில் வரிக் கேள்வி எழலாம்.

இரண்டாமவர் இந்தியாவில் இருந்தது 229 நாட்கள். எனவே அவர் முழு ஆண்டுக்கும் குடியிருப்பாளர். நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை அமெரிக்காவில் ஈட்டிய சம்பளத்தையும் அவர் இந்தியாவில் காட்ட வேண்டும்.

முன்னதாகப் புறப்படுவது எல்லா வகையிலும் ஆதாயம் என்றும் கூற இயலாது. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லாமல் செய்யும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி, குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே உரியது. கழிவுகள் போக 5 லட்சம் ரூபாய் வருமானம் உள்ள குடியிருப்பாளர் வரி செலுத்த வேண்டியதில்லை. அதே வருமானம் உள்ள குடியிருப்பாளர் அல்லாதவர், 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீத வரியும் 4 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்த்து 5,200 ரூபாய் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவின் கணக்கு வேறு

அமெரிக்காவில் வரி ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. கிரீன் கார்டு இல்லாதவருக்கு அங்கும் நாள் கணக்கே அளவுகோல். நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாட்கள் இருந்திருக்க வேண்டும். அத்துடன், நடப்பு ஆண்டின் எல்லா நாட்களும், முந்தைய ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டு நாட்களில் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து 183 ஆக வேண்டும்.

முன்பு அமெரிக்கா செல்லாத ஒருவர் 2025 ஜூலை 2 அல்லது அதற்கு முன் சென்று அங்கேயே தங்கினால் மட்டுமே, அந்த ஆண்டிலேயே 183 நாட்கள் நிறைவடையும். அவ்வாறு நிறைவடைந்தால், வந்த நாள் முதல் அவர் அங்கு குடியிருப்பாளர். அதற்கு முந்தைய மாதங்களுக்கு அல்ல. மேற்கண்ட எடுத்துக்காட்டில் உள்ள இருவருக்கும் 2025-இல் 183 நாட்கள் நிறைவடையவில்லை. ஆகவே அவர்கள் பொதுவாக 1040-என்.ஆர். படிவத்தில் அமெரிக்க வருமானத்துக்கு மட்டும் 2026 ஏப்ரல் 15-க்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியவர்கள்.

ஒரே வருமானம், இரு வரிகள்

இரண்டாமவரின் அமெரிக்கச் சம்பளத்துக்கு இரு நாடுகளும் வரி கோரும். அப்போது கைகொடுப்பது, இந்தியாவும் அமெரிக்காவும் 1989-இல் கையெழுத்திட்ட இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம். இதன்படி, அமெரிக்காவில் செலுத்திய வரியை இந்திய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வருமானத்துக்கு இந்தியாவில் எவ்வளவு வரி வருமோ, அந்த அளவுக்கு மட்டுமே கழிவு கிடைக்கும்.

ஒரே வருமானத்துக்கு அமெரிக்காவில் 3 லட்சம் ரூபாயும் இந்தியாவில் 4 லட்சம் ரூபாயும் வரி வந்தால், மீதி 1 லட்சத்தை இந்தியாவில் செலுத்த வேண்டும். அமெரிக்க வரி 5 லட்சமாக இருந்தால், கூடுதலான 1 லட்சத்தை இந்தியா திருப்பித் தராது.

இந்த ஒப்பந்தம் அமெரிக்க மத்திய அரசின் வருமான வரிக்கே பொருந்தும். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தனியே விதிக்கும் வருமான வரி அதில் அடங்காது. டெக்சாஸில் தனிநபர் வருமான வரியே இல்லை.

கழிவு பெற, 1961 சட்டத்தின் கீழ் படிவம் 67-ஐ இணையவழியில் தாக்கல் செய்து, வரி செலுத்தியதற்கான சான்றை இணைக்க வேண்டும். இங்குதான் ஆண்டு வேறுபாடு இடையூறாகிறது. 2026 ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளம் இந்தியாவில் 2025-26 நிதியாண்டைச் சேர்ந்தது. அதற்கான கணக்கை ஊதியம் பெறுவோர் வழக்கமாக ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்காவிலோ அதே சம்பளம் 2026-ஆம் ஆண்டுக் கணக்கில் சேர்ந்து, 2027 ஏப்ரலில்தான் தாக்கலாகும். எனவே வரிப் பிடித்தம் குறிக்கப்பட்ட மாதாந்திரச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

மற்றொரு கவனக்குறைவும் பொதுவானது. வெளிநாட்டு நிறுவனம் இந்திய வரியைப் பிடித்தம் செய்வதில்லை. ஆகவே செலுத்த வேண்டிய இந்திய வரி 10,000 ரூபாயை எட்டினால், முன்கூட்டிய வரியைத் தாமே செலுத்த வேண்டும். அதன் கடைசித் தவணைக்கு மார்ச் 15 இறுதி நாள். தவறினால் வட்டி சேரும்.

வளைகுடா செல்வோரும் மாணவர்களும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. நவம்பரில் துபாய் செல்பவர் இந்தியாவில் குடியிருப்பாளராகவே கருதப்பட்டால், அங்கு செலுத்திய வரி எதுவும் இல்லாததால், இங்கு கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. அந்தச் சில மாதச் சம்பளத்துக்கு முழு இந்திய வரியும் வரக்கூடும். புறப்படும் தேதியின் விளைவு மிகக் கடுமையாக இருப்பது இத்தகையோருக்கே.

மாணவர்களின் நிலை வேறு. 182 நாள் தளர்வு ‘வேலைவாய்ப்புக்காக’ வெளியேறுவோருக்கு என்றே சட்டம் கூறுகிறது. மேற்படிப்புக்காக ஆகஸ்டில் செல்லும் மாணவருக்கு அது தாமாகக் கிடைப்பதில்லை. 60 நாள் விதியின் கீழ் அவர் அந்த ஆண்டு குடியிருப்பாளராகவே தொடரலாம். பல்கலைக்கழகத்தில் பெறும் உதவிப் பணிச் சம்பளத்தையும் இந்தியாவில் காட்ட நேரலாம்.

சொத்து விவரமும் கட்டாயம்

வரி செலுத்த வேண்டியதில்லை என்பதால் விவரம் தர வேண்டியதில்லை என்று பொருளல்ல. இந்தியாவில் வழக்கமாக வசித்துவந்த குடியிருப்பாளர், வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்குகள் உள்ளிட்டவற்றை வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் குறிப்பிட வேண்டும். நவம்பரில் சென்றவர் அங்கு தொடங்கிய சம்பளக் கணக்கும் இதில் அடங்கும். இதற்கு நிதியாண்டு அல்ல, டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டே கணக்கு. மறைத்தால் 2015-ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அசையாச் சொத்து நீங்கலாக, மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு.

எதிர்த்திசையிலும் கடமை இருக்கிறது. அமெரிக்காவில் குடியிருப்பாளரான பின், இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளில் உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டின் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால், ‘எஃப்பார்’ எனப்படும் அறிக்கையை அமெரிக்க அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பெற்றோருடன் கூட்டாக வைத்திருக்கும் வைப்புத்தொகைக் கணக்கும் இதிலிருந்து தப்பாது.

புறப்படும் முன்

மேற்கண்ட இருவருமே எளிய ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. ஊதிய வருமானம் உள்ள இத்தகையோருக்கு ஐடிஆர்-2 படிவமே உரியது. கடவுச்சீட்டின் குடியேற்ற முத்திரைப் பக்கங்கள், விமானச் சீட்டு, இந்திய நிறுவனம் தரும் படிவம் 16, வெளிநாட்டுச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், பின்னாளில் நோட்டீஸ் வந்தாலும் நாள் கணக்கை நிறுவ முடியும்.

பணியில் சேரும் தேதியை நிறுவனத்துடன் பேசி முடிவு செய்யும் வாய்ப்பு உள்ளவர்கள், ஒப்புக்கொள்ளும் முன் ஏப்ரல் 1 முதல் நாட்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. செப்டம்பர் மூன்றாம் வாரப் பயணத்தை அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ளிவைப்பது, ஆறு மாத வெளிநாட்டுச் சம்பளத்தை இந்திய வரிக் கணக்குக்குள் கொண்டுவந்துவிடும்.